நுரைக் காசோலை

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கேரி தீவின் அந்தத் திடலில் மணியோசை பத்தே முக்காலுக்குக் கேட்டது: போலீஸ் மோட்டார் சைக்கிளின் சைரன். அழைப்பிதழில் போட்டிருந்தது ஒன்பது மணி. பிள்ளைகளைக் கூடாரத்தில் வரிசையாக உட்கார வைத்தது ஏழரைக்கு. யானை என்று நான் சொல்வது சிறப்பு விருந்தினரையா, மேசைமேல் தயாராக இருந்த ‘யானைப் பற்பசை’யையா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. வாயைத் திறந்தால் இரண்டிலும் நுரைதான்.

கலக்குகிற வேலை என்னுடையது. கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் குடுவை கழுவி, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, ஓய்வு பெற்றவன். ஏற்பாட்டாளர் தம்பி போன் பண்ணினார். “அண்ணே, பெருசா பொங்கணும். கேமராவுல நல்லா தெரியணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்ணே.” அறிவியல் விழாவில் அறிவியலைப் பற்றி எனக்குக் கிடைத்த உத்தரவு மொத்தமும் அவ்வளவுதான். மாலைக்கும் பொன்னாடைக்கும் பந்திக்கும் போன உத்தரவு இரண்டு பக்கம். மாலை கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில்தான் கட்ட வேண்டும், ரோஜா மட்டும், சாமந்தி கலக்கக் கூடாது, விருந்தினருக்குத் தும்மல் வரும்.

எந்தப் பள்ளி, எந்த இயக்கம், எந்த ஒய்.பி., அதாவது எந்த மாண்புமிகு, என்று தேடாதீர்கள். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சம். இந்தக் கூடாரத்தை எதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாலும் பொருந்தும்.

சரக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-இல் பிரெஞ்சுக்காரர் தெனார் கண்டுபிடித்தது. தண்ணீர் மாதிரியேதான், ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். எப்போது கழன்று ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். முடிக்குச் சாயம் பூசுகிற கடைகளுக்கு 6 சதவீதக் கரைசல் வருகிறது. புட்டியில் ‘20 வால்யூம்’ என்று போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்று அர்த்தம். அதில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்ட்டை ஊற்றினால் போதும். ஈஸ்ட்டுக்குள் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துத் தள்ளும். கிளம்புகிற வாயுவைச் சோப்புப் பிடித்துக் குமிழியாக்கும். குடுவை சூடேறும். கழுத்து ஒடுக்கமாக இருந்தால் நுரை பிதுங்கிக்கொண்டு எழும்பும். 30 சதவீதக் கரைசல் என்றால் கூடாரத்துக் கூரையைத் தொடும். தோலில் பட்டால் வெந்துபோகும். தம்பி அதைத்தான் கேட்டார். முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்.

நுரைக்கு நிறம் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கட்சிக் கொடியின் நிறம். போன தேர்தலுக்கு முந்திய விழா ஒன்றில் இதே தம்பி வேறு நிறம் கேட்டிருந்தார். சாயப் புட்டியின் விலை இரண்டு வெள்ளிகூட வராது. கொள்கை மாறுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

காத்திருந்த மூன்றேகால் மணி நேரம். கூடாரத்துக்கு மூன்று பக்கமும் செம்பனை. நான்காவது பக்கம் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் செம்பனை. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் தீவு இது. தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலமேறி லங்காட் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடலாம். நிலத்தில் பெரும்பகுதி சைம் டார்பி பிளாண்டேஷன் வசம். 2024-இல் கம்பெனி தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில் லண்டன் பங்குச் சந்தையில் புகுந்து வெள்ளைக்காரனிடமிருந்து கத்ரி தோட்டக் கம்பெனியை மீட்டோம் என்று பாடப்புத்தகம் மார்தட்டும். நாற்பத்து மூன்று வருடம் கழித்து, மீட்டவர்களே வெள்ளைக்காரன் பெயரைத் துடைத்து வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

மேசைமேல் இருந்த சோப்புப் புட்டியை முன்வரிசைப் பையன் ஒருவனிடம் காட்டி, இது எங்கேயிருந்து வருது தம்பி என்று கேட்டேன்.

“மைடின்ல இருந்து அங்கிள்.”

தப்பில்லை, அங்கேதான் வாங்கினேன். ஆனால் அவன் தலைக்குப் பின்னால் பத்து அடியில் குலை தொங்கிக்கொண்டிருந்தது. செம்பனைப் பழத்தின் சதையில் ஓர் எண்ணெய், உள்ளே பருப்பில் இன்னோர் எண்ணெய். பருப்பெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். ஷாம்பூவையும் பற்பசையையும் பாத்திரச் சோப்பையும் நுரைக்க வைக்கிற சரக்கில் பெரும்பங்கு இதிலிருந்தோ தேங்காய் எண்ணெயிலிருந்தோ கிளம்புகிறது. உலகம் பல் விளக்கித் துப்புகிற நுரை இவன் வீட்டுக் கொல்லையில் விளைகிறது. அதை இவனிடம் யாரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வண்ணம் கலந்து, அதிசயம் என்று சொல்லி, இவன் கொல்லைச் சரக்கை இவனுக்கே காட்டுகிறோம். கைதட்டச் சொல்லி ஒத்திகை வேறு.

சொல்ல இன்னும் இருக்கிறது. 2020 டிசம்பர் 30-ஆம் தேதி அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று சொல்லி இந்தத் தோட்டக் கம்பெனியின் செம்பனை எண்ணெயை நாட்டுக்குள் விட மறுத்தது. தடை நீங்கியது 2023-இல். எங்கள் தாத்தாக்கள் வெட்டிய குலையை இப்போது வெட்டுவது இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பாலம் தாண்டிப் போய்விட்டார்கள், லாரி ஓட்ட, பாதுகாவலர் வேலை பார்க்க. பள்ளி மட்டும் காட்டுக்குள் நிற்கிறது.

பொங்குவதுதான் அறிவியல் என்றால், அதுவும் தோட்டத்துக்குப் புதிதில்லை. என் அப்பா குலை வெட்டியவர். மட்டை முள் ஏறின காலோடு நொண்டிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவார். டிரெசர் ஐயா ஒரு பழுப்புப் புட்டியிலிருந்து பெராக்சைடைக் காயத்தில் ஊற்றுவார். வெள்ளையாகப் பொங்கும். “பாத்தியா, கிருமி சாகுது” என்பார். லயத்துப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்போம். பின்னால் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பொங்கியது கிருமியைக் கண்டு இல்லை. என் அப்பாவின் இரத்தத்தில் இருந்த கேட்டலேஸைக் கண்டு. ஈஸ்ட்டில் இருப்பதும் அதே வகை நொதி. அந்த டிரெசருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. சைரன் வைத்துக்கொண்டும் அவர் வரவில்லை, சைக்கிளில் வந்தார்.

அறிவியல் தோட்டத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்த கதையும் ஒன்று உண்டு. 1980 வரை செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பொடி ஊதுவார்கள். செம்பனையின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூன் காட்டுக்குப் போய்ப் பார்த்தார். காற்று என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர் கண்டது ஒரு குட்டி வண்டு. 1981-இல் அந்த வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மகசூல் ஏறியது, பொடி ஊதிய பெண்களுக்கு அந்த வேலை போனது. இரண்டும் பாடம்தான், இரண்டையும் சொல்ல வேண்டும். கூடாரத்திலிருந்து இருபது எட்டு நடந்து, பூத்த ஆண் பூ ஒன்றைத் தட்டினால் வண்டு உதிரும். பூவை முகர்ந்தால் சோம்பு வாசனை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்ட ஒரு காசு செலவில்லை. ஆனால் ஒய்.பி. செம்பனைக் காட்டுக்குள் இறங்கினால் காலணியில் சேறு படும். வண்டு கேமராவில் தெரியாது.

சைரன் வந்தது இந்த நேரத்தில்தான். ஏழு வண்டி. உறுமி மேளம். குத்துவிளக்கு ஏற்றினார்கள், ஊதுபத்திக் கட்டு ஒன்றையும் கொளுத்தினார்கள். பிறகு சிறப்புரை.

நான் குடுவையில் ஊற்றி வைத்திருந்தது கால் லிட்டர் கரைசல். கணக்குப்படி 5 லிட்டர் ஆக்சிஜன். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் செலவாகும். ஆக, அவசரத்துக்கு ஓர் ஆளை 20 நிமிடம் தாங்கும். உரை 40 நிமிடம் ஓடியது.

அப்துல் கலாம் மூன்று தடவை வந்தார். நாளைய விஞ்ஞானிகள் ஐந்து தடவை. நோபெல் பரிசு ஒரு தடவை, அதுவும் இந்தத் தீவிலிருந்தே ஒருவர் வாங்குவார் என்று தேதி மட்டும் சொல்லாத உத்தரவாதத்தோடு. பின்னால் ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று பதாகை. தேர்வு செய்யச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்பது மலேசியத் தமிழ் மேடை நாகரிகத்தில் சேராது. கேட்டால் “அது பர்சனல் லா” என்பார்கள்.

தோட்டத்துக்குப் பள்ளி எப்படி வந்தது என்பதை ஒய்.பி. தியாகம், சேவை என்று விவரித்தார். சட்டம் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1912-இன் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். கூலிக்காரன் பிள்ளை படிக்கவில்லையே என்று துரைக்குத் தூக்கம் கெட்டதாக நினைக்க வேண்டாம். பள்ளி என்று ஒரு கொட்டகை இருந்தால் ஆள் குடும்பத்தோடு கப்பலேறுவான், ஓடிப்போக மாட்டான். பாடம் நடத்தியவர் பல இடங்களில் கங்காணி, இல்லையென்றால் ஆபீஸ் கிராணி. 1957-இல் சுதந்திரம் வந்தபோது அப்படி 888 தமிழ்ப்பள்ளிகள். தோட்டம் துண்டாடப்பட, வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வர, மூடி மூடி ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு வந்து நிற்கிறோம். மிச்சத்திலும் பலவற்றுக்கு ‘பகுதி உதவி’ என்று முத்திரை. ஆசிரியர் சம்பளம் அரசு தரும். கூரை ஒழுகினால், கழிப்பறை உடைந்தால், அறிவியல் அறை வேண்டுமென்றால், பள்ளி வாரியம் கையேந்த வேண்டும். யாரிடம்? இப்போது மைக் பிடித்திருப்பவரிடம். அதனால்தான் மூன்றேகால் மணி நேரம் யாரும் முணுமுணுக்கவில்லை. தலைமையாசிரியர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அருகிலிருந்து பார்த்தேன். கடன்காரன் வந்திருக்கும்போது வீட்டுக்காரர் சிரிக்கிற சிரிப்பு.

அறிவியலை எந்த மொழியில் சொல்லித் தருவது என்பதையே இந்த நாட்டில் இன்னும் குடுவையில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். 2003-இல் ஆங்கிலம் என்றார்கள். ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, வகுப்புக்குப் புரொஜெக்டர், குறுந்தட்டு. 2009 ஜூலையில் அமைச்சரவை கூடி, வேண்டாம், 2012 முதல் பழையபடி தமிழ், மலாய், சீனம் என்றது. 2016-இல் இருமொழித் திட்டம் என்று பின்வாசல் வழியாக மறுபடி ஆங்கிலம். வேதியியலில் இதற்கு மீள்வினை என்று பெயர். முன்னுக்கும் போகும், பின்னுக்கும் வரும், பார்க்கிறவனுக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். ‘ஒளிச்சேர்க்கை’ என்று ஒரு வருடமும் ‘போட்டோசிந்தசிஸ்’ என்று மறு வருடமும் எழுதிய பிள்ளை, இலை எதைச் சாப்பிடுகிறது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கலாம். அறுபது சதவீத மாணவர் அறிவியல் பிரிவுக்குப் போக வேண்டும் என்ற இலக்கோ 1970-இலிருந்து இருக்கிறது. எட்டியதே இல்லை. எட்டாத இலக்குக்கு வயது அரைநூற்றாண்டு தாண்டிவிட்டது; ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிடலாம்.

உரையில் வேதியியல் என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது: “வேதியியல் நம் வாழ்க்கையோடு கலந்தது.” கைதட்டல். எனக்குக் காது சூடேறியது இங்கேதான்.

கலந்துதான் இருக்கிறது. 2019 மார்ச் 7, ஜொகூர் பாசீர் கூடாங். சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தார்கள், மூச்சுக்குத் திணறினார்கள். அடுத்த சில நாட்களில் 111 பள்ளிகளை மூடினார்கள். மருத்துவமனையில் படுத்தவர்கள் 2,700-க்கு மேல். ஜூன் மாதம் மறுபடி அதே ஊரில் அதே மூச்சுத்திணறல். இந்தத் தடவை மூடியது 475 கல்வி நிலையங்கள். அந்தச் செய்முறை விளக்கத்துக்கு நாடாவெட்ட யாரும் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை. பென்சீன் என்றால் என்ன என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் நுரையீரலில் படித்தது.

ஜொகூர் தூரம் என்று தோன்றினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாருங்கள். 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்தியதும் மேலைநாட்டுக் குப்பை எங்கள் குவால லங்காட்டுக்குத் திரும்பியது. ஜெஞ்சாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் ராத்திரியில் பிளாஸ்டிக் எரித்த புகையை ஊரே குடித்தது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ கழிவைக் கலக்க, சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். கோலாலம்பூர், சிலாங்கூரில் 1,292 இடங்களில் குழாய் வறண்டது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கிற என் அக்கா, எழுபத்தோரு வயது, வாளியோடு தண்ணீர் லாரிக்குக் கீழே இறங்கினார். இந்த நாட்டில் ஆற்றில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். வகுப்பறையில் கலக்கத்தான் கடிதம், அனுமதி, முத்திரை.

உரை முடிந்தது. அடுத்தது ‘கிமிக்’. நான் கேலிக்குச் சொல்லவில்லை. இங்கே திறப்பு விழா நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்துக்கு அந்தப் பெயரைத்தான் அச்சடிக்கிறார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு கொண்டுபோயிருந்தேன். ஒன்றை ஒய்.பி. மாட்டிக்கொண்டார். இன்னொன்றை, உதவிக்கு நிற்கப்போகிற பிள்ளைக்காக வைத்திருந்தேன். அவருடைய செயலாளர் எடுத்து மாட்டிக்கொண்டார். பிள்ளைகளை நான்தான் நாலு அடி பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். படத்தில் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்று தம்பி மறுபடி முன்னால் இழுத்தார். நான் பின்னால், அவர் முன்னால். இதுவும் மீள்வினை.

ஒய்.பி. ஈஸ்ட் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அரை நொடி ஒன்றும் இல்லை. பிறகு குடுவைக் கழுத்தில் ஒரு கொப்பளிப்பு. கட்சி நிறத்தில் நுரை தடியாகப் பிதுங்கி எழுந்து, வளைந்து, மேசை விரிப்பில் சரிந்தது. பிள்ளைகள் ‘ஓ’ என்றார்கள். அந்த ‘ஓ’வில் பொய் இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு விநாடி. படம் எடுப்பவர் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இன்னொரு தடவை.”

இரண்டாம் குடுவை. இந்தத் தடவை ஒய்.பி. ஆச்சரியப்பட ஒத்திகை பார்த்துக்கொண்டு ஆச்சரியப்பட்டார். “இன்றைய நிகழ்ச்சிக்கு நம் ஒய்.பி. ஒரு வினையூக்கி!” என்று அறிவிப்பாளர் மைக்கில் பொங்கினார். இருபத்தாறு வருட வேலையில் அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இரண்டு. ஒன்று, வினையை வேகப்படுத்த வேண்டும். இவர் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதப்படுத்தினார். இரண்டு, வினை முழுக்க நடந்து முடிந்த பிறகும் தான் ஒரு மாற்றமும் அடையாமல் வெளியே வர வேண்டும். இது பொருந்துகிறது. 1999 முதல் மேடைகளில் இவரைப் பார்க்கிறேன், அதே எடை, அதே வாக்கியம்.

அதற்கப்புறம் காசோலை. ஆறடி நீளம், மூன்றடி அகலம். அறிவியல் அறை கட்ட 10,000 வெள்ளி. நாலு பிள்ளைகள் நாலு மூலையைப் பிடித்தார்கள். காற்றடித்ததும் பறக்கப் பார்த்தது. ஒரு மூலையைத் தாங்கப்போய் நானும் தொட்டேன். அட்டை இல்லை. நுரைப் பலகை. இரண்டு தாளுக்கு நடுவில் பாலிஸ்டைரீன் நுரை. கொண்டுவந்த வாக்குறுதிக்கு ஏற்ற பொருளில் கொண்டுவந்திருக்கிறார்கள், அச்சடித்தவன் நேர்மையானவன். பள்ளியின் பெயர் தனிச் சீட்டில் அடித்து மேலே ஒட்டியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். கீழே இன்னொரு பள்ளியின் பெயரில் கடைசி நாலு எழுத்து.

படம் எடுத்ததும் செயலாளர் காசோலையை வாங்கி வண்டியில் ஏற்றினார். வாரியத்துப் பொருளாளர் மெதுவாகக் கேட்டார்: “சார், பணம் எப்ப...?”

“புரோசஸ்ல இருக்கு சார். மத்தியானம் பந்திங்ல இன்னொரு புரோகிராம் இருக்கு, இது வேணும்.”

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே பொரியையும் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தத் தீவில் மா மெரி மக்கள் இருக்கிறார்கள். சுங்கை பும்புனில் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். சுற்றுலாப் பேருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறது. ஆனாலும் அந்த முகமூடி அவர்களுடைய மூதாதையர். பேருந்து போன பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அன்று மாட்டிவிட்ட வெள்ளை ஆய்வுக்கூட அங்கியை, படம் முடிந்ததும் எண்ணி வாங்கிப் பையில் போட்டுக் கட்டினார்கள். முப்பத்திரண்டு. ஒன்று குறைகிறது என்று ஒரு பையனை வரிசையிலிருந்து இழுத்து அவிழ்த்தார்கள்.

பெரியவர்கள் பிரியாணிக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குப் பன்னும் மைலோவும். நான் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத் துடைக்க வரும் அது. ஒரு சிறுமி பன்னைக் கடித்தபடி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நீலப் பினாஃபோர், ஒரு பக்கத்துச் சடை அவிழ்ந்திருந்தது.

“அங்கிள், அந்த நொரைக்குள்ள என்னா இருக்கு?”

காலையிலிருந்து அந்தத் திடலில் யாரும் கேட்காத கேள்வி. அறிவிப்பாளர் கேட்கவில்லை, ஒய்.பி. கேட்கவில்லை, கலக்கின நானும் யாரையும் கேட்க வைக்கவில்லை.

“நீ என்ன நெனைக்கிற?”

“காத்து.”

“என்ன காத்து?”

“ஆக்சிஜன்னு எம்சி அங்கிள் சொன்னாரு.”

“அவர் சொன்னா போதுமா?”

மென்றுகொண்டே யோசித்தாள். “தெர்ல.”

புட்டியில் கொஞ்சம் பெராக்சைடு மிச்சம் இருந்தது. கழுவின குடுவையில் ஊற்றி ஈஸ்ட்டைப் போட்டேன். சோப்பு போடவில்லை, சாயம் போடவில்லை. லேசாகச் சலசலத்தது, பார்க்க ஒன்றுமே இல்லை. குத்துவிளக்குக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, ஊதி அணைத்து, நுனியில் கங்கு மட்டும் இருக்கும்படி அவளிடம் கொடுத்தேன். “மெதுவா உள்ள விடு. தண்ணியில படக் கூடாது.”

விட்டாள். கங்கு வெளுத்தது, சட்டென்று மஞ்சளாகத் தீ பிடித்து எரிந்தது. அவள் கத்தவில்லை. வெளியே எடுத்தாள், ஊதி அணைத்தாள், மறுபடி விட்டாள். மறுபடி எரிந்தது. பிறகு அவளாகவே பக்கத்தில் இருந்த காலிக் குடுவையை இழுத்து அதற்குள் விட்டுப் பார்த்தாள். எரியவில்லை. திரும்பப் பழைய குடுவை. எரிந்தது. பன்னைக் கீழே வைத்துவிட்டாள். ‘காலிக் குடுவையிலும் பார்’ என்று நான் சொல்லவே இல்லை. இருபத்தாறு வருடத்தில், சொல்லிக் கொடுத்தும் அதைச் செய்யாத மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“டேய், இங்க வாங்கடா” என்று யாரையோ கூப்பிட்டாள். மைலோ கோப்பையோடு ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். “நான் நான்” என்று கை நீண்டது. ஒவ்வொருவரும் ஒரு தடவை. யாரும் கைதட்டவில்லை, அதற்கு நேரமில்லை.

“அண்ணே! என்னண்ணே இது, நெருப்பெல்லாம்!” பிரியாணிக் கையோடு தம்பி ஓடி வந்தார். பின்னாலேயே ஓர் ஆசிரியை. “ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருண்ணே பதில் சொல்றது? பர்மிட் இல்லாம, கூடாரம் வேற நைலான்...” கூடாரம் நைலான் என்பது காலையில் 30 சதவீதக் கரைசல் கேட்டபோதும் உண்மைதான்; நான் சொல்லவில்லை. குடுவையை வாங்கிப் புல்லில் கவிழ்த்தார். ஊதுபத்தியைப் பிடுங்கி மைலோ கோப்பைக்குள் முக்கினார். ஆசிரியை சிறுமியின் பெயரையும் வகுப்பையும் கேட்டு எழுதிக்கொண்டார். “நெருப்போட வெளாட்டா? வா இந்தப் பக்கம்.”

அவள் போனாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். பினாஃபோர் பையிலிருந்து மூன்று ஊதுபத்திக் குச்சி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள்.

நான் மேசையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.